இலவச கேமுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?



"இலவச கேம்தானே அத்தா" என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பதிவிறக்குவது இலவசம்தான்.

ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற ஆன்லைன் விளையாட்டை 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்டது. முன்பெல்லாம் காசு கொடுத்து ஒரு கேமை வாங்கினால் அத்தோடு முடிந்தது. இதில் வெளியீடு தொடக்கம் மட்டுமே. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய கதை, புதிய வீரர்கள் வருகிறார்கள். ஓவியமும் இசையும் அருமை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வீரர் வேண்டுமென்றால் குலுக்கல் எடுக்க வேண்டும். ஐந்து நட்சத்திர வீரர் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு முறை எடுத்தால் ஏறத்தாழ ஆறு பேருக்கு. 90 முறைக்குள் ஒருவர் நிச்சயம் வருவார். பிள்ளை ஆசைப்பட்டவர்தான் வருவார் என்று உறுதியில்லை. விளையாடிச் சேர்த்த கற்கள் தீர்ந்தால் பணம் கட்ட வேண்டும். அதுவும் பணமாகத் தெரியாது. ரூபாய் ஒரு கல்லாகி, அது வேறொரு கல்லாகி, பிறகுதான் சீட்டாகிறது. பெரியவர்களுக்கே கணக்குத் தப்பும்.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதையும் ஒரு குற்றச்சாட்டாக வைத்தது. 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் குலுக்கல் விற்காதிருக்கவும் கேமை வெளியிடும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அந்த உத்தரவு அமெரிக்காவுக்கு. நம் போனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் வைத்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் போனைக் கொண்டு வாருங்கள், காட்டித் தருகிறேன்.