அளவை சொல்வதும் சொல்லாததும்

மழைக்குப் பெயர் பெற்றது வட்டவளை. அட்டனுக்கு மேற்கே, தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மலைச்சரிவில் அமைந்திருப்பதால், ஆண்டொன்றுக்குச் சுமார் 5000 மில்லிமீற்றர் மழை அங்குப் பெய்கிறது. அத்தகைய ஊரில் வாழ்வோருக்கு மழைமானியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெய்த மழையைக் கண் காண்கிறது. ஆயினும் அளந்து, நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்த மழையே நாளைய தினத்துக்குப் பயன்படுகிறது. இதே நியதி இக்காலத்துக் கணினிகளுக்கும் பொருந்துகிறது. அவற்றுள்ளும் வரைகலை அட்டை எனப்படும் உறுப்பின் வேலையை எவ்வாறு அளந்து திரட்டுகிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

வரைகலை அட்டை முதலில் திரையிலே படங்களைத் தீட்டுவதற்காகத் தோன்றியது. படமொன்றில் இலட்சக்கணக்கான புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் நிறத்தையும் ஒரே வேளையில் கணித்தாக வேண்டும். ஆகவே பெரிய கணக்கொன்றைத் தனியே செய்யும் ஒருவரைப் போலன்றி, சிறு கணக்குகளை ஒன்றாய்ச் செய்யும் பெருங்கூட்டமாக அது அமைக்கப்பட்டது. அக்கூட்டம் வேறு கணக்குகளுக்கும் உதவும் என்று அறிந்த விஞ்ஞானிகள் அதனை ஆராய்ச்சிக்குத் திருப்பினர். 2012ஆம் ஆண்டில் அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்டன் ஆகிய மூவரும், படங்களை இனங்காணும் தம்முடைய புகழ்பெற்ற வலையமைப்பை இரண்டே வரைகலை அட்டைகளைக் கொண்டு பயிற்றினர். இன்று அவ்வேலைக்கு ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒருங்கே உழைக்கின்றன. தமிழகத்தில், திருச்சிராப்பள்ளித் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 25ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட 'பரம் பொருள்' என்னும் மீக்கணினியிலும் இவ்வட்டைகள் இடம்பெற்றுள்ளன. வினாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது அது. அதன் வெப்பத்தை அகற்றக் குளிர்திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பம் என்று சொன்னவுடனே அளவையின் தேவை விளங்கிவிடும். 2022இல் அறிவிக்கப்பட்ட எச்100 என்னும் அட்டையின் ஒரு வகை 700 வாற்று வரை மின்சாரம் கொள்ளும். உள்ளே சென்ற மின்சாரம் யாவும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. வெப்பம் எல்லை மீறினால் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை நின்றுவிடாது, மெதுவாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அளந்து கொண்டிருப்பவருக்கே தெரியும்.

பொதுவாக ஐந்து அளவைகளைத் திரட்டுவது வழக்கம். வெப்பநிலை, மின்நுகர்வு, கடிகார வேகம், நினைவகத்தில் நிரம்பிய பங்கு, வேலையில் ஈடுபட்டிருந்த நேரம் என்பன அவை. அட்டையின் உள்ளேயே உணரிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண்களை, என்விடியா நிறுவனத்தின் அட்டைகளில் 'என்விடியா எஸ்எம்ஐ' என்ற சிறு நிரல் எடுத்துக் காட்டும். ஒரு கணினியாயின் இதுவே போதும். நூறு கணினிகள் இருக்குமிடத்தில், 'புரோமீதியஸ்' போன்ற மென்பொருள், மலைக்கு மலை சென்று நிறுவை எழுதும் கணக்கப்பிள்ளையைப் போல, குறித்த இடைவெளிதோறும் ஒவ்வொன்றையும் கேட்டு, விடையை நேரத்தோடு பதிந்து வைக்கிறது. 'கிரபானா' போன்ற மற்றொன்று அப்பதிவுகளை வரைபடமாக்கித் தருகிறது.

இவ்வைந்தனுள் மக்கள் முதலில் நாடுவதும், பெரிதும் ஏமாறுவதும் வேலைநேர அளவையிலேதான். திரையில் '100 சதவீதம்' என்று காணும்போது, அட்டை முழு மூச்சுடன் உழைக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணின் இலக்கணம் வேறு. அளந்த சிறு பொழுதில் ஏதேனும் ஒரு வேலையாவது நடந்துகொண்டிருந்த நேரத்தின் பங்கையே அது குறிக்கிறது. மேற்சொன்ன அட்டையில் 132 கணிப்புக் கூறுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மாத்திரம் ஓயாது உழைத்து, மற்றை 131உம் சும்மா இருந்தாலும், எண் நூறாகவே நிற்கும்.

தோட்டத்து மக்களுக்கு இந்த வேறுபாடு புதியதன்று. காலையில் பெரட்டுக்கு வந்து பேர் பதிவது ஒரு கணக்கு. மாலையில் தராசில் நிற்கும் கொழுந்தின் நிறை மற்றொரு கணக்கு. முன்னதைப் பின்னதாகக் கொள்வார் எவருமிலர். வேலைநேர அளவை பெரட்டுக் கணக்கைப் போன்றது. நிறுவைக் கணக்கை அறிய, எத்தனை கூறுகள் உண்மையில் இயங்கின, எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று, எத்தனை கணக்குகள் முடிந்தன என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுவையும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடும் வழக்கம் தோட்டங்களில் இருந்து வந்துள்ளது. அன்று அடைமழை பெய்ததா, மலை செங்குத்தானதா, செடி கிழடு தட்டியதா, வறட்சியில் கொழுந்து அரும்பவில்லையா என்பதைச் செக்றோல் சொல்வதில்லை. நிறை குறைந்தது என்ற செய்தி மாத்திரம் புத்தகத்தில் ஏறுகிறது. காரணம் மலையிலேயே தங்கிவிடுகிறது. அதன் விளைவைச் சுமப்பவர் கொழுந்து கொய்த பெண்ணே.

கணினியிலும் இதே பிழை நேர்கிறது. வேலை மெதுவானதும் அட்டை பழுது என்று முடிவு கட்டுவோர் உண்டு. நினைவகம் நிரம்பியிருக்க, மின்நுகர்வு தாழ்ந்திருந்தால், சேமிப்பகத்திலிருந்து தரவு வருவதற்காக அட்டை காத்திருக்கக்கூடும். வெப்பம் உயர்ந்து, கடிகார வேகம் தாழ்ந்திருந்தால், குறை குளிரூட்டலில் இருக்கலாம். ஓர் எண் விளைவைக் காட்டும். பல எண்களை அருகருகே நிறுத்தினால்தான் காரணம் தலைகாட்டும்.

இதற்கு மேற்றா நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சான்றாகும். 16,384 அட்டைகளைக் கொண்டு 54 நாட்கள் நடந்த பயிற்சியில் எதிர்பாராத தடைகள் 419 நேர்ந்தன. அவற்றுள் 148 அட்டைகளின் பழுதால் வந்தவை. அதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் அதில் உண்டு. நாளின் நேரத்தைப் பொறுத்து வேலையின் வேகம் 1 முதல் 2 சதவீதம் வரை ஏறி இறங்கிற்று. காரணம், நண்பகல் வெயில்! வெளியே வெப்பம் கூட, உள்ளே கடிகார வேகம் மாறியது. நாட்கணக்காக, நேரமிட்டுப் பதிந்து வைத்திராவிடில் இவ்வுண்மை எவர் கண்ணிலும் பட்டிராது.

இனி, சராசரி பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் என்பது வட்டவளையின் இயல்பைச் சொல்லும். இன்றிரவு மண்மேடு சரியுமா என்பதைச் சொல்லாது. அதற்கு வேண்டியது இருபத்து நான்கு மணி நேர மழையே. அம்மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் ஆயத்தம், 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிகள் வகுத்துள்ளது. வரைகலை அட்டைக்கும் இவ்வாறே எல்லைகள் குறிக்கப்படுகின்றன. வெப்பம் எல்லையைத் தாண்டினால் பொறுப்பாளருக்கு உடனே அறிவிப்புப் போகும். ஒரு மணி நேரச் சராசரி சாதுவாகத் தோன்றும். அதனுள்ளே மறைந்திருந்த இரண்டு நிமிடக் கொதிப்பே கேடு செய்திருக்கும்.

அறிவிப்பு எழுந்த பின்னர் எழுந்து நடக்க வேண்டியவன் மனிதன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மலைநாட்டின் மண்சரிவுகள் பெருந்துயரை விளைத்தன. சரிவின் அடியிலுள்ள லயத்தில் வாழ்வோருக்கு, வெளியேறுக என்ற சொல்லோடு, சென்று தங்க ஓர் இடமும் வேண்டும். எண்ணைத் திரட்டுவது யந்திரத்தால் ஆகும். எதை அளப்பது, எந்த எல்லையில் எச்சரிப்பது, எச்சரித்தபின் யாருக்கு என்ன செய்வது என்பவற்றை யந்திரம் தீர்மானிப்பதில்லை. கணினி கற்கும் மலைநாட்டு இளைஞர், திரையில் ஓர் எண்ணைக் காணும்போது, இது பெரட்டா, நிறுவையா, இதன் காரணம் எந்த மலையில் இருக்கிறது என்று கேட்கப் பழகுவாராயின், அவர் கற்ற கல்வி கணினிக்கு வெளியேயும் பயன் தரும்.