கண்ணில் பட்ட முள்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு முள் புதிதில்லை. காலில் தைத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கண்ணில் பட்டால் அப்படி விட முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ல் மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்டதுதான் தொடக்கம். சோதனையில் கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அபூர்வம். நம் ஊர் நோய்க்கு நம் ஊரில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

தேடினார்கள். பூஞ்சைப் புண்ணுக்கு எது நல்லது, நாட்டமைசின் என்கிற பழைய சொட்டு மருந்தா, வொரிகோனசோல் என்கிற புது மருந்தா? அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வெளிவந்தது. ஜெயித்தது பழையதுதான்! பார்வை கூடுதலாகத் தேறியது, கருவிழி ஓட்டையாவதும் குறைந்தது. புதுசு என்றாலே உசத்தி என்று நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

முள்ளோ தூசியோ பட்டுக் கண் சிவந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து பூஞ்சையை இன்னும் வளர்த்துவிடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.