மொழி ஆசிரியரின் சொந்தக் குறிப்பேடு

(ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)

பள்ளிகளில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பாடக் குறிப்பு, இருப்புப் பதிவேடு எனப் பலவும் பேணப்படுகின்றன. எத்தனை பாடங்கள் நடத்தி முடிக்கப்பட்டன என்பதை அவை சொல்லும். நேற்றைய பாடத்தில் எந்த மாணவனுக்கு எது விளங்கவில்லை, ஏன் விளங்கவில்லை என்பதை அவை சொல்வதில்லை. இவ்வினாவுக்கு விடை காண விரும்பும் மொழி ஆசிரியர்கள் சிலர், எவரும் பணிக்காமலேயே, தமக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கின்றனர். அதற்கான காரணங்கள் கல்வி நிருவாகத்தினரின் கவனத்துக்குரியவை.

முதற்காரணம், மொழிக் கல்வியின் தன்மையிலேயே அடங்கியுள்ளது. மாணவன் வகுப்புக்கு வரும்போதே தாய்மொழி ஒன்றை அறிந்தவனாக வருகிறான். புதிய மொழியில் அவன் செய்யும் பிழைகள் பலவற்றுக்கு அதுவே காரணமாகிறது. ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல்லை உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் ‘இஸ்கூல்’ என்பர். பஞ்சாபில் ‘ஸகூல்’ என்பர். சொல்லின் முதலில் இரு மெய்கள் சேர்ந்து வருவது இரு சாராருக்கும் கடினமே. ஒருவர் முன்னே ஓர் உயிரொலியைச் சேர்க்கிறார். மற்றவர் இடையே சேர்க்கிறார். பாடநூல் ஒன்றாயினும் இவ்விருவருக்கும் தரவேண்டிய பயிற்சி ஒன்றாகாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழிகள் 121 என 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டும் ஒரு நாட்டில், எல்லா வகுப்பறைகளின் பிழைகளையும் முன்கூட்டியே அறிந்து எவரும் பாடநூல் எழுதிவிட முடியாது. அந்தந்த வகுப்பின் பிழைகளை அந்தந்த ஆசிரியரே குறித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம், நினைவின் குறைபாடு. நன்றாக விடை சொன்ன நான்கு மாணவர்களின் குரல் ஆசிரியரின் மனத்தில் தங்கிவிடுகிறது. வாய் திறவாத முப்பது மாணவர்கள் மறந்துபோகின்றனர். பாடம் நன்றாக நடந்தது என்ற எண்ணம் இவ்வாறுதான் உருவாகிறது. அன்று மாலையே எழுதப்படும் ஐந்து வரிகள் இவ்வெண்ணத்தைத் திருத்தும்.

மூன்றாவது காரணம், ஆசிரியரின் சிந்தனை தேங்கிவிடாமல் காப்பது. 1979-ஆம் ஆண்டு முதல் 1984-ஆம் ஆண்டு வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய சோதனை ஒன்று என். எஸ். பிரபு அவர்களின் தலைமையில் நடைபெற்றது. இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், சிந்தித்து விடை காணவேண்டிய செயல்கள் மாணவர்களுக்குத் தரப்பட்டன. வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் செயலில் பாதியையேனும் சரியாகச் செய்தால் அது பொருத்தமான அளவு கடினமுடையது எனக் கொள்ளப்பட்டது. விடைகளைத் திருத்தியபோது தெரியவந்தவை அடுத்த பாடத்துக்கு வழிகாட்டின. பின்னர், 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில், எல்லாருக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை இல்லை என்று பிரபு வாதிட்டார். கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி ஆசிரியர் தமக்குள் கொண்டிருக்கும் கருத்து உயிரோட்டமுடையதாக இருத்தலே முக்கியம் என்பது அவர் முடிவு. அது மங்கினால் கற்பித்தல் வெறும் வழக்கமாகிவிடும். குறிப்பேடு எழுதும் ஆசிரியர் தம் கருத்தை நாள்தோறும் சோதித்துக்கொள்கிறார்.

நான்காவது காரணம் பொருளாதார நோக்கிலும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஓய்வு பெறும்போது மேசையும் நாற்காலியும் கணக்கிட்டு ஒப்படைக்கப்படுகின்றன. அவர் ஈட்டிய அனுபவமோ எக்கணக்கிலும் வராமல் அவருடன் சென்றுவிடுகிறது. அடுத்து வருபவர் அதே தவறுகளைச் செய்து, அதே பாடங்களைத் தொடக்கத்திலிருந்து கற்கிறார். மனித வளத்தில் செய்யப்பட்ட முதலீட்டின் ஒரு பகுதி இவ்வாறு ஓசையின்றி வீணாகிறது.

அவ்வாறாயின் குறிப்பேட்டைக் கட்டாயமாக்கலாமே என்று அலுவலர்களுக்குத் தோன்றுதல் இயல்பு. அங்கேதான் எச்சரிக்கை தேவை. மேலதிகாரியின் பார்வைக்கென எழுதப்படும் ஏட்டில் தோல்விகள் இடம்பெறா. “இன்றைய பாடம் எவருக்கும் விளங்கவில்லை, என் விளக்கமே குழப்பமாக இருந்தது” என்று எந்த ஆசிரியரும் ஆய்வாளரின் கையொப்பத்துக்காக எழுதமாட்டார். ஆனால் அவ்வரிதான் குறிப்பேட்டின் பயனெல்லாம். கட்டாயமாக்கினால் மற்றுமொரு பதிவேடு கிடைக்கும்; குறிப்பேடு மறைந்துவிடும்.

நிருவாகம் செய்யக்கூடியவை வேறு. தேவையற்ற படிவங்களைக் குறைத்து ஆசிரியருக்கு நேரம் அளிக்கலாம். வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டங்களில், விரும்பியவர் விரும்பிய பக்கத்தை மட்டும் படித்துக்காட்ட வாய்ப்பளிக்கலாம். அங்கு வெளிப்படும் குறைகளை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறி, அவ்வுறுதியைக் காப்பாற்றலாம்.

பயிற்சி மாணவர்கள் பணியேற்கும் முதல் நாளன்றே இப்பழக்கத்தைத் தொடங்குதல் நன்று. தேதி, பாடம், எதிர்பாராத ஒரு பிழை, அதற்கான காரணம் பற்றிய ஓர் ஊகம், மறுநாள் செய்துபார்க்கவேண்டியது ஆகியன போதும். ஊகம் தவறாகலாம், தவறென்று தெரிந்த நாளில் அதனையும் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே வகுப்பில் அமரும் பிள்ளைகள் அதனால் பயனடைவர்.