வாலிபமும் வாகனமும்

(ஆரணியில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரித்தானது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து ஸஃப்புகள் கலைந்த பின்னும் தந்தையும் மகனுமாக இருவர் பள்ளியிலேயே அமர்ந்திருந்தனர். தந்தை திருமலைப் பக்கத்திலிருந்து ஆரணிக்கு வந்து பட்டுத்தறியில் உழைப்பவர். மகனுக்கு 19 வயது. செய்யாறு சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்கள். ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்தும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான். அவர் 400 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விரும்புகிறார். முன்பணத்திற்குத் தாயாரின் நகை, மீதிக்கு வட்டிக் கடன்.

"ஹஜ்ரத், நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்களே ஹராம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார் தந்தை. மகனோ, "ஹஜ்ரத், சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வண்டி வாங்குவது பாவமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் இன்றோ நாளையோ எழக்கூடியது. எனவே சற்று விரிவாகவே சிந்திப்போம்.

மார்க்கம் வேகத்தின் விரோதியா?

அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ அதிகாரமில்லை. நல்ல வாகனத்தை விரும்புவது மனித இயல்பு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம் நிர்ணயிக்கப்பட்டது. பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம் மட்டுமே. பந்தயம் தடுக்கப்படவில்லை, ஆனால் பயிற்சிக்குத் தக்கபடி எல்லை வகுக்கப்பட்டது.

அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். இதே இப்னு உமர் (ரலி) உஹதுப் போருக்குச் செல்ல ஆவலோடு முன்வந்தபோது அவர்களுக்கு வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பின்னர் கந்தக் போரின்போது 15 வயதில் அனுமதித்தார்கள். உஹதில் அவருடைய ஈமானில் குறையிருந்ததா? வீரத்தில் குறையிருந்ததா? இல்லை. பருவம் வரவில்லை, அவ்வளவே. 'பொறு' என்று சொல்வது ஓர் இளைஞரை அவமதிப்பதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குதிரைத்திறன் என்னும் கணக்கு

அந்தத் தம்பி அதுவரை ஓட்டிப் பழகியது தந்தையின் 100 சிசி வண்டி. அதன் ஆற்றல் ஏறத்தாழ 8 குதிரைத்திறன். அவர் வாங்க விரும்பியதோ 40 குதிரைத்திறனைத் தாண்டியது. ஒரே நாளில் ஐந்து மடங்கு! எடையும் மிக அதிகம். கைப்பிடியை ஒரு விரற்கடை திருகினால் பழைய வண்டி மெல்ல நகரும். புதிய வண்டி பாயும். பழகிய கை பழைய அளவிலேயே திருகும். ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

வேகத்தின் கணக்கை நெசவாளர்களாகிய உங்களுக்கு உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடந்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலைகள் நான்கை வரிசையாக விரித்துப் போட்டால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. எதிரே ஒரு மாடு குறுக்கிடுவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்கும் முன்னரே அந்த நான்கு சேலை நீளமும் கடந்து போயிருக்கும். அதன் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. இந்த விதியை வகுத்தவனும் அல்லாஹ்வே. அது வாலிபன் என்றோ ஏழைத்தாயின் ஒரே மகன் என்றோ பார்த்து இரங்காது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மோட்டார் சைக்கிள் உரிமம் படிப்படியாகவே தரப்படுகிறது. 16 வயதில் 125 சிசி வரை. 18 வயதில் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன் வரை. அதில் இரண்டாண்டு அனுபவம் பெற்ற பின்னரே எல்லையற்ற உரிமம். நேரடியாகப் பெற வேண்டுமெனில் பொதுவாக 24 வயது நிறைந்திருக்க வேண்டும். தம்பி கேட்ட வண்டி அவர்களின் 18 வயது வரம்புக்குள் அடங்கக்கூடியதுதான். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அங்கே அதற்கெனத் தனித் தேர்வில் தேற வேண்டும். நம் நாட்டிலோ 18 வயதில் கியர் வண்டிக்கான உரிமம் கிடைத்துவிட்டால் 100 சிசியும் 1,000 சிசியும் ஒன்றே. சட்டம் போடாத படிக்கட்டை நம் வீட்டுப் பெரியவர்கள்தாம் போட்டுத் தர வேண்டும்.

படிப்பினை தரும் நிகழ்வுகள்

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாததால் இறந்தோர் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். மொத்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. அவ்வாண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள்.

2011-ஆம் ஆண்டு ரமளான் பெருநாள் கழிந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் முஹம்மது அஸாருத்தீன் அவர்களின் மகன் அயாஸுத்தீன் 1,000 சிசி வண்டியில் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் விபத்துக்குள்ளானார். வயது 19. உடன் சென்ற இள வயது உறவினர் உயிரிழந்தார். அயாஸுத்தீனும் சில நாட்களில் மறைந்தார். செல்வத்திற்கோ சிகிச்சைக்கோ அங்கே குறைவில்லை. அல்லாஹ் அவ்விருவரின் பிழைகளையும் பொறுத்து, பெற்றோருக்குப் பொறுமையை அருள்வானாக!

நமக்கு அருகிலும் ஒரு நிகழ்வு உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஏராளமான இளைஞர்கள் பின்தொடரும் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் தம் பெரிய மோட்டார் சைக்கிளுடன் தூக்கி வீசப்பட்டார். கையில் காயத்துடன் உயிர் பிழைத்தார். பின்னர் கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பது முன்சக்கரம் உயரும் அந்த ஒரு நொடியை. கீழே விழுந்த பின் வரும் ஆண்டுகளை யார் படம்பிடித்துக் காட்டுகிறார்கள்?

என் மனத்தை உறுத்தும் ஒரு சம்பவம்

இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் புதிய பெரிய வண்டியுடன் பள்ளி வாசலில் வந்து நின்று துஆச் செய்யுமாறு கேட்டார். துஆச் செய்தேன். இனிப்புக் கொடுத்தார், பெற்றுக்கொண்டேன். "தம்பி, இதை ஓட்டப் பழகினாயா? ஹெல்மெட் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வாரங்களில் அவருடைய ஜனாஸாவுக்கு நானே இமாமாக நின்றேன். அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அதை நான் அறிவேன். ஆயினும் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை என் கணக்கில் எழுதப்பட்டிருக்குமோ என்று இன்றும் அஞ்சுகிறேன்.

துஆ கேட்கும் கேள்வி

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆ, திருமறையின் 43-ஆம் அத்தியாயம், 13, 14-ஆம் வசனங்களிலிருந்து வந்தது. அதன் கருத்தைச் சிந்தித்ததுண்டா? வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்வே. அவன் வசப்படுத்தாவிடில் அதை அடக்கும் சக்தி நமக்கில்லை. நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பதே அதன் சாரம். இவ்வாகனத்தின் ஆற்றலுக்கு நான் ஈடானவன் அல்லன் என்று நாவால் ஒப்புக்கொண்டு, அடுத்த நொடியில் கைப்பிடியை முழுதும் திருகினால், நாம் ஓதியதற்கு என்ன பொருள்?

தவக்குல் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. இன்று ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்டுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதே. அரஃபாவிலிருந்து திரும்பும்போது ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்ட நபி (ஸல்) அவர்கள், விரைவில் நன்மை இல்லை எனக் கூறி அமைதியைக் கடைப்பிடிக்கச் செய்தார்கள். பெண்கள் பயணித்த ஒட்டகங்களை ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வதைப் போல் மென்மையாக ஓட்டச் சொன்னார்கள். உங்கள் வண்டியின் பின்னால் தாயோ தங்கையோ அமரும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

கடனும் வட்டியும்

பொருளாதாரப் பக்கத்தையும் பார்ப்போம். மூன்று லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டிக்கு 36 மாதத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 9,960 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டி மட்டும் ஏறத்தாழ 58,700 ரூபாய். வட்டியின் பாவம் தனி. இது உலகக் கணக்கு மட்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. 2022 ஜூனில் வகுக்கப்பட்ட கட்டணப்படி, மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 350 சிசியைத் தாண்டினால் 2,804 ரூபாய். டயர், உதிரிபாகம், பெட்ரோல் எல்லாச் செலவும் ஏறும். தாயின் கழுத்து நகையைக் கழற்றி அடைய வேண்டிய அவசியத் தேவைதானா இது? வீண்விரயத்தைத் திருமறையின் 17-ஆம் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது!

எனவே முடிவு என்ன?

தம்பியிடம் ஐந்து கேள்விகளை மட்டும் வைத்தேன். உங்கள் பிள்ளைகளிடமும் இவற்றை வையுங்கள்.

1. செல்லும் பாதைக்கு இவ்வளவு ஆற்றல் தேவையா, அல்லது பிறர் பார்க்கவா?
2. சிறிய வண்டியில் மழையிலும் இரவிலும் விபத்தின்றி எத்தனை காலம் ஓட்டியிருக்கிறாய்?
3. வட்டியின்றி, தாயின் நகையின்றி வாங்க முடியுமா?
4. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், கையுறை, காலணி ஆகியவற்றின் விலையை வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டாயா?
5. நண்பன் "ஒரு ரவுண்டு கொடு" என்றால் மறுக்கும் மன உறுதி உண்டா?

ஐந்துக்கும் நேர்மையான பதில் சாதகமாக இருந்தால், பிஸ்மில்லாஹ் கூறி வாங்கட்டும். இல்லையெனில் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள 150 சிசி அளவிலான வண்டியில் இரண்டாண்டு பழகட்டும். பெற்றோரே, நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது. அதே சமயம், மகன் வளர்ந்தபின் வெறும் "கூடாது" என்ற சொல்லால் அவனைத் தடுக்க முயலாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள்; அவன் பேச்சையும் கேளுங்கள்.

அன்று அந்தத் தம்பி எதுவும் பேசாமல் எழுந்து சென்றார். கோபம் என்றே நினைத்தேன். அடுத்த வெள்ளியன்று வந்து, "ஹஜ்ரத், இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அத்தா வண்டியிலேயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிறேன். அப்புறம் பார்க்கலாம்" என்றார். அருகில் நின்ற தந்தை தலையைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தார். அவர் வண்டியின் கைப்பிடியில் புதிய ஹெல்மெட் ஒன்று தொங்கியதை நான் கண்டேன்.

அன்புச் சகோதரர்களே! பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைத்து நெய்துவிடலாம். உயிரின் இழை அறுந்தால் பிணைப்பவர் எவருமில்லை. வாகனமும் அமானிதம், வாலிபமும் அமானிதம், பெற்ற பிள்ளையும் அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்கி, நம் வீடுகளுக்கு அவர்களை நலமுடன் திரும்பச் செய்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.