எழுத்து ஒன்று, வாசிப்புப் பல



உடம்பின் தொழில்களிற் பெரும்பாலானவை புரதங்களால் நடைபெறுகின்றன என்பதைப் பாடசாலையிற் படித்திருக்கிறோம். அப்புரதங்களை ஆக்கும் கட்டளை கலத்தினுள்ளே எழுத்து வடிவில் இருக்கிறது என்பதையும் அறிவோம். அந்த எழுத்தை எங்கிருந்து வாசிக்க வேண்டும்? வாசிக்கக் கூடியதெல்லாம் பொருளுடையதுதானா? இவ்விரு கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். இவை ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியவை என ஒதுக்கிவிடலாகாது. ஒரு குழந்தை நலமாகப் பிறந்து வளர்வதும் இவற்றோடு தொடர்புடையதென்பதைப் பின்னர் காண்போம்.

தமிழுக்கு 247 எழுத்துகள். உயிரின் மொழிக்கோ நான்கே எழுத்துகள். மூன்றெழுத்துச் சேர்ந்தது ஒரு சொல். இவ்வாறு 64 சொற்கள் உண்டு. அவற்றுள் 61 சொற்கள் இருபது வகை அமினோவமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். றைபோசோம் என்னும் நுண்பொறி, தொடக்கச் சொல்லைக் கண்ட இடத்திலிருந்து மும்மூன்று எழுத்தாக வாசித்துச் சென்று, அமினோவமிலங்களை மாலைபோலக் கோத்து, முற்றுப்புள்ளி வந்ததும் நிறுத்திவிடுகிறது. அந்த மாலையே புரதம். தொடக்கத்திற்கும் முற்றுப்புள்ளிக்கும் இடையே தடையின்றிக் கிடக்கும் பகுதியைத் 'திறந்த வாசிப்புச் சட்டகம்' என்பர்.

இம்மொழியில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கம் இல்லை. 'மரம் நல்ல பழம் தரும்' என்பதை 'மரம்நல்லபழம்தரும்' என எழுதியதாக வைத்துக்கொள்வோம். முதலெழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் பொருள் விளங்கும். ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கினாலோ 'ரம்ந, ல்லப, ழம்த' என உளறலாகிவிடும். பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் முதலியோர் 1961 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில், பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசைக் கொண்டு இவ்வுண்மையைக் காட்டினர். ஓரெழுத்தைக் கூட்டினாலும் இரண்டைக் கூட்டினாலும் பரம்பரையலகு பழுதாயிற்று. மூன்றைக் கூட்டியபோதோ பலமுறை அது மீண்டும் செயற்பட்டது.

இதனை வெறும் எழுத்து விளையாட்டென்று எண்ண வேண்டா. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் பரம்பரையலகில், 41 ஆம் 42 ஆம் சொற்கள் நிற்கும் இடத்தில் நான்கு எழுத்துகள் விடுபட்டுப் போவதுண்டு. இந்தியா, தாய்லாந்து, தென் சீனம் ஆகிய இடங்களில் இது காணப்படுகிறது. அவ்விடத்திலிருந்து வாசிப்புப் பிறழ்ந்து, விரைவிலேயே பொய்யான முற்றுப்புள்ளி ஒன்று வந்துவிடும், புரதம் உருவாகாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இத்தகைய பிழையைப் பெற்ற குழந்தைக்குக் கடுமையான தலசீமியா நோய் உண்டாகிறது. வாழ்நாள் முழுவதும் பிறர் இரத்தத்தை ஏற்றியே அக்குழந்தை வாழவேண்டியதாகிறது. இலங்கையிலும் தலசீமியா உண்டு. இங்குள்ள எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் வேறு வகையின. ஆயினும் குழந்தை படும் துன்பம் ஒன்றே. பிழையை ஒருபுறம் மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பார். தம்மிடம் அது இருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கிலொரு பங்கு நோய் வரக்கூடும். சாதகப் பொருத்தம் பார்க்கும் பெரியோர்களே, மணம் பேசுமுன் இரத்தப் பரிசோதனையையும் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை நமது வீடுகளில் ஏற்படுத்துவோமாக.

ஒரு சட்டகத்தில் பொருள் தரும் எழுத்துகள் மற்றொரு சட்டகத்திலும் பொருள் தருமா? நமது புலவர்கள் இதற்கு விடை கூறியிருக்கிறார்கள். 'பலகை' என்பது ஒரு பொருள். 'பல கை' எனப் பிரித்தால் வேறொரு பொருள். இதனைப் பிரிமொழிச் சிலேடை என்பர். சிலேடை பாடுவதில் காளமேகப் புலவர் பேர்பெற்றவர். இயற்கையும் சிலேடை பாடுகிறதென்பது 1970களில் தெரியவந்தது. 'பை எக்ஸ் 174' என்னும் சிறு வைரசின் எழுத்து முழுவதையும் பிரெடெரிக் சாங்கரும் அவருடைய தோழர்களும் 1977 இல் வெளியிட்டனர். திருத்திய கணக்கின்படி அதில் 5,386 எழுத்துகளே உள்ளன. அந்த வைரசு ஆக்கும் புரதங்களுக்கோ அவ்வளவு எழுத்துப் போதாது. ஆராய்ந்தபோது, 'டி' என்னும் பரம்பரையலகின் உள்ளேயே, ஓரெழுத்துத் தள்ளிய சட்டகத்தில், 'ஈ' என்னும் மற்றொரு பரம்பரையலகு முழுமையாக அடங்கியிருக்கக் கண்டனர். டி புரதத்தில் 152 அமினோவமிலங்கள். வைரசின் கூட்டைக் கட்டும்போது அது சாரமாக நின்று உதவும். ஈ புரதத்தில் 91. கட்டி முடிந்தபின் பற்றீரியாவின் சுவரைக் குலைத்து வைரசுகளை வெளியேற்றும். வீட்டைக் கட்டுவதும் உடைப்பதும் ஒரே எழுத்தில்!

2020 இல் உலகை முடக்கிய கொரோனா வைரசும் இத்தகைய உபாயமுடையது. ஏறத்தாழ 29,900 எழுத்துகள் கொண்ட அதன் ஏட்டில் ஓரிடத்தில், வாசிக்கும் றைபோசோம் சில வேளைகளில் ஓரெழுத்துப் பின்னே வழுக்கி, வேறு சட்டகத்தில் வாசிப்பைத் தொடர்கிறது. வைரசு தன்னைப் பிரதிசெய்யும் கருவி அவ்வாறு வழுக்கினால்தான் கிடைக்கிறது. ஆனால் அதே ஏட்டின் கடைசியில், 38 அமினோவமிலங்களுக்கு இடமுள்ள பத்தாவது சட்டகம் எனப் பெயரிடப்பட்ட ஒன்றும் உண்டு. இன உறவுடைய வைரசுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அது உண்மையில் புரதமொன்றை ஆக்கும் பரம்பரையலகன்று என்னும் முடிவுக்கு 2021 இல் வந்தனர். கதவு திறந்திருப்பதனாலேயே உள்ளே ஆள் இருக்கிறாரென்று கொள்ளலாமா?

மறுபுறத்திலும் அவசரம் கூடாது. எழுத்துகள் தற்செயலாக அமைந்தால் ஏறக்குறைய 21 சொற்களுக்கு ஒரு முற்றுப்புள்ளி வரும். ஆதலின் நீண்ட சட்டகங்களே புரதத்துக்குரியவை எனக் கொண்டு, 1996 இல் முழுமையாக வெளிவந்த மதுவத்தின் ஏட்டில் 100 சொல்லுக்குக் குறைந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அந்த அளவுகோல் பயனுடையது. ஆயினும் சிறியவை சில அதில் தப்பிப்போயின. புரதம் ஆக்காதது என்று கருதப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ.யில் 46 அமினோவமிலங்களே கொண்ட மயோரெகுலின் ஒளிந்திருந்ததும், அது தசையின் கல்சியப் போக்கை ஆளுவதும் 2015 இல் தெரிந்தன.

இன்னுமொன்றைக் கேளுங்கள். நமது பரம்பரை ஏட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு, பண்டைக்காலத்து வைரசுகள் நம் முன்னோரின் உடம்பிற் புகுந்து விட்டுச்சென்ற எச்சம். அவற்றிற் பெரும்பாலானவை சிதைந்த சட்டகங்களாகக் கிடக்கின்றன. ஆனால் ஏழாவது நிறமூர்த்தத்தில் ஒன்று திறந்தபடியே இருக்கிறது. வைரசு கலத்தோடு ஒட்டிக் கலப்பதற்கு வைத்திருந்த புரதம் அது. சின்சிற்றின் எனப் பெயர்பெற்ற அப்புரதம், கருவிலுள்ள குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியின் கலங்களை இணைக்க உதவுகிறதென 2000 ஆம் ஆண்டில் அறிவித்தனர். பகைவன் விட்டுச்சென்ற ஆயுதம் தாய்க்கும் சேய்க்கும் பாலமாயிற்று.

இளைஞர்களே, ஏடு ஒன்றேயாயினும் வாசிப்பின் தொடக்கம் பிழைத்தால் பொருள் பிழைக்கும். வாசிக்க முடிந்ததனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. நமக்கு விளங்காததனால் ஒன்று வீணாகியும் விடாது. சோதித்துத் தெளிவதே விஞ்ஞானத்தின் வழி. அவ்வழியில் நம் மன்றத்திலிருந்தும் சிலர் செல்வார்களென்று நம்புகிறோம்.