தேய்ந்த காசு சொல்லும் செய்தி



'செல்லாக்காசு' என்பது நம் மொழியில் ஒரு வசைச்சொல். அதனை ஆளக்கூடாத இடத்தில் நானும் ஒருமுறை ஆண்டுவிட்டேன். திருவொற்றியூரில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவன் வழவழவென்று தேய்ந்த செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தான். காசிமேட்டில் மீன் விற்ற அவன் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்ததாம். "இது எந்தக் காலத்துக் காசு, ஐயா?" என்று கேட்டான். அதில் ஆண்டும் இல்லை, முத்திரையும் இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "செல்லாக்காசு, போய் உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. சில நாள் கழித்து நானே அதைக் கேட்டபோது, "தொலைந்துவிட்டது, ஐயா" என்றான்.

அவன் வினாவுக்கு விடை தேடப் புகுந்ததே என் காசு சேர்க்கும் பழக்கம். புத்தம் புதிதுபோல் விளங்கும் பழங்காசுகளை வாங்க ஆசிரியன் ஊதியம் போதாது. ஆகவே, பிறர் தள்ளியவற்றையே சேர்த்தேன். இராயபுரத்துக் காயலான் கடைகளில் அத்தகைய காசுகள் மலிவாகக் கிடைத்தன.

தேய்ந்த காசைப் படிப்பது எங்ஙனம்? காலணாவையே எடுத்துக்கொள்வோம். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்ற முறை வருவதற்கு முன், ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு காலணா. 1835 முதல் செம்பில் அடித்த காலணாவின் எடை ஏறக்குறைய 6.48 கிராம். 1906இல் அது வெண்கலத்துக்கு மாறியபோது எடை 4.86 கிராம் ஆயிற்று. அகலமோ ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, எழுத்து அழிந்த காலணா ஆறு கிராம் நின்றால், அது செப்புக் காலத்தது என்று துணியலாம். பின்னர் இருட்டறையில் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். இரு சிங்கங்களின் நிழல் எழுந்தால் கம்பெனிக் காசு. முடிசூடிய பெண் தலை எழுந்தால் விக்டோரியா காலத்தது. முடியில்லாத ஆண் தலையானால் ஏழாம் எட்வர்ட் காலத்தது. ஒரு சிறு தராசும் ஒரு விளக்கும் இருந்திருந்தால், அந்த மாணவனை நான் தலைகுனிய வைத்திருக்க மாட்டேன்.

தேயாத காசுதான் சிறந்தது என்பாருக்கு ஒரு வரலாறு சொல்வேன். சென்னையில் வழங்குவதற்காகக் கம்பெனியார் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1808இல் பத்துக்காசு, இருபதுக்காசு நாணயங்களை அடிப்பித்தனர். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையருகே மணல்திட்டில் மோதி உடைந்தது. 1980களில் முக்குளிப்போர் அவற்றைப் பெருந்தொகையாக எடுத்தனர். அவற்றுள் பல இன்றும் எழுத்துக் குன்றாமல் உள்ளன. ஏன்? அவை நம் துறைமுகத்தை வந்தடையவே இல்லை. ஒருவர் கையிலும் புரளவில்லை. ஒரு படி உப்பும் வாங்கவில்லை. வந்து சேர்ந்த காசுகளோ கூலியாகவும் மீன் விலையாகவும் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. தேய்மானம் குறையன்று, உழைத்ததற்குச் சான்று.

சேர்க்க விரும்புவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். செப்புக்குடத்தைத் துலக்குவதுபோல் காசைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் எஞ்சிய எழுத்தையும் அரித்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். மண்ணில் புதைந்து கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைக் கடந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் கடமை. ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, கிடைத்த இடம், கொடுத்தவர், எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

இன்றிரவு உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ பழைய காசு உண்டா என்று கேளுங்கள். காசோடு அதன் கதையும் வரும். அது எக்காலத்தது என்று உங்கள் ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், "இருவரும் சேர்ந்து எடை போட்டுப் பார்ப்போமா, ஐயா?" என்று கேளுங்கள். என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையும் அதுவே.