‘போகாத தாயி’: ஒரு குறும்படமும் இரண்டு தெருக்களும்

(எம்.ரெட்டியபட்டியில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த குறும்படத் திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், முன்வரிசையில் இருக்கிற அண்ணன்களுக்கும், பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற அக்காக்களுக்கும், வண்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்து கேட்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

ஒரே குறும்படத்தை வெவ்வேறு ஆட்கள் எப்படி வெவ்வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வும் ஏறக்குறைய இதுதான். எங்கள் அம்மாவிடம் இதை விளக்கியபோது, “படம் பாக்குறவுகளப் பாக்குறதுக்கா ஒனக்குப் பணம் குடுக்குறாக?” என்று கேட்டது. உதவித்தொகை மாதாமாதம் வந்துவிடுகிறது என்று அம்மா இன்னும் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை.

நேராக ஒரு படத்துக்கு வருகிறேன். ‘பாவக் கதைகள்’ 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நான்கு குறும்படங்களின் தொகுப்பு. அதில் கடைசிப் படம் வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’. ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் இருக்கிற பெண்ணாக சாய் பல்லவி. நிறைமாதம். ரொம்ப நாளாகப் பேசாத அப்பா, பிரகாஷ்ராஜ், வீடு தேடி வருகிறார். வளைகாப்பு நம் வீட்டில் வைத்துச் செய்வோம் என்று கூப்பிடுகிறார். அவள் சந்தோஷமாகக் கிளம்பிப் போகிறாள். அந்த இரவில் தண்ணீரில் விஷம் கலந்து கொடுத்து அவளைக் கொல்கிறார்.

இந்தப் படத்தை முதலில் நகரத்தில் ஒரு கல்லூரி மாணவர்களோடு பார்த்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். படம் முடிந்ததும் கை தட்டினார்கள். பிறகு ஒரு மணி நேரம் நல்ல விவாதம். அப்பா பாசமாக மாறிவிட்டார் என்று நம்பவைத்துவிட்டுக் கடைசியில் திருப்பியது அருமையான திரைக்கதை என்று ஒரு மாணவர் சொன்னார். இன்னொருவர் பிரகாஷ்ராஜின் மௌனத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாவதாக ஒருவர், “எனக்கு அந்த அப்பாவைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது, சமூகம் அவரை அப்படி ஆக்கிவிட்டது” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன், மறுக்கவில்லை.

அடுத்த மாதம் அதே படம், இந்தப் பக்கத்தில் ஒரு காலனித் தெருவில். ஊர்ப்பேரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் யூகிக்க வேண்டாம். என்னிடம் பேசியவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு அது. ஒரு வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து, மில் வேன் இறக்கிவிட்டுப் போன பிறகு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பார்த்தோம். யார் கணக்கில் பார்த்தோம் என்று நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் யாரும் இங்கே இருந்தால் கேட்காதீர்கள்.

அப்பா வந்து கூப்பிடுகிறார். மகள் சரி என்கிறாள். அவ்வளவுதான். படத்தில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது: “போகாத தாயி.”

கல்லூரியில் முக்கால்வாசிப் படம் வரைக்கும் யாருக்கும் வராத சந்தேகம், இங்கே அழைப்பு வந்த அந்த நிமிடமே வந்துவிட்டது. அவர்களுக்கு அது ‘திருப்பம்’. இவர்களுக்கு அதில் திரும்புவதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காட்சியும், வளையல், பூ, பலகாரம், தங்கச்சியின் சிரிப்பு எல்லாமும், கல்லூரிக்காரர்களுக்கு மகிழ்ச்சியான காட்சிகள். இந்தத் திண்ணையில் அவையெல்லாம் பயம். ஒரே ஒளி, ஒரே ஒலி, ஓடுகிற நேரமும் ஒன்றுதான். ஆனால் பார்த்தது இரண்டு படம்.

இதை அனுபவ அறிவு என்று சொல்லித் தாண்டிப் போகலாம். அப்படிப் போக எனக்கு மனம் வரவில்லை. கண்ணகி, முருகேசன் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் இரண்டு பேரையும் பிடித்துவந்து ஊர் பார்க்க விஷம் கொடுத்துக் கொன்றார்கள். அவர் தலித், பொறியியல் படித்தவர். அவள் வன்னியர் வீட்டுப் பெண். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். பதினெட்டு வருடம். அந்தப் பெரியம்மாவுக்கு இந்த வழக்கின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிரிந்துபோன பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுவது என்றால் என்ன என்று தெரியும். படத்தைப் புரிந்துகொள்கிற திறன் யாருக்கு அதிகம் என்று என்னைக் கேட்டால், திரைமொழி படித்த நானும் அந்த மாணவர்களும் அன்றைக்குப் பெரியம்மாவுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கறுப்பின அறிஞர். 1973-இல் எழுதிய கட்டுரையில், படத்தை எடுப்பவர் அதற்குள் வைக்கிற அர்த்தமும் பார்ப்பவர் எடுக்கிற அர்த்தமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்றார். சொன்னபடியே ஏற்றுக்கொண்டு பார்க்கலாம், பாதி ஏற்று பாதி தன் நிலைமைக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கலாம், முழுக்க எதிர்த்தும் பார்க்கலாம். உபயோகமான கருத்து. நானும் இந்த மூன்று கட்டங்களைப் போட்டுக்கொண்டுதான் ஊர் ஊராகக் கிளம்பினேன். யார் எந்தக் கட்டம் என்று குறிப்பேன்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். திண்ணையில் படம் முடிந்த பிறகு ‘எப்படி இருந்தது’ என்று கேட்டேன். பெரியம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது. இரண்டு பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அக்கா, “நல்லா நடிச்சிருக்காக” என்றது. நான் கல்லூரியில் எழுதியது பதினாறு பக்கம். இங்கே எழுதியது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் மூன்று பேருக்கு நேராக ‘பதில் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். ‘போகாத தாயி’ என்பதை நான் எழுதவே இல்லை, ஏனென்றால் அது படம் ஓடும்போது சொன்னது, கேள்விக்குப் பதிலாகச் சொன்னது இல்லை. பல நாள் கழித்து, ஒலிப்பதிவைக் கேட்கும்போதுதான் அது என் காதில் விழுந்தது.

வேறொரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது சினிமா அரங்கம் இல்லை, நீதிமன்றம். கோகுல்ராஜ் வழக்கு உங்களுக்குத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஒரு தோழியோடு போனவர், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவுதான் வழக்கின் முக்கியமான சாட்சியங்களில் ஒன்று. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில், 2022 நவம்பரில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தோழியை வரவழைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியது. கோகுல்ராஜோடு நடந்து போகிற பெண் யார் என்று கேட்டது. அது நான் இல்லை என்றார் அவர்.

அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது. மகனை இழந்த ஒரு தாய் அத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறி இறங்கிய வழக்கு அது. நல்லவேளையாக நீதிபதிகள் மற்ற சாட்சியங்களை வைத்து 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். ஆனால் படம் பார்ப்பதைப் பற்றி ஆய்வு செய்கிற ஒருத்தியாக எனக்கு அந்தக் காட்சி போகவே மாட்டேன் என்கிறது. சில நிமிட வீடியோ. முன்னால் நீதிபதிகள், சுற்றிலும் வழக்கறிஞர்கள், வெளியே சொந்தக்காரர்களும் சொந்த சாதியும். அங்கே அவர் எதைப் பார்த்தார் என்பது ஒரு விஷயம். எதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியும் என்பது வேறு விஷயம். ஸ்டூவர்ட் ஹாலின் மூன்று கட்டங்களில் எதில் இதைப் போடுவது?

அதற்குப் பிறகு என் நோட்டை முழுக்கத் திரும்பப் படித்தேன். படத்தைப் பற்றி ஆட்கள் என்னிடம் சொன்னதெல்லாம் அவர்கள் பார்த்தது இல்லை. உட்கார்ந்த இடத்தில், பக்கத்தில் இருந்த ஆளின் முன்னால், சொல்லத் துணிந்தது. ‘அப்பா பாவம்’ என்று சொன்ன மாணவருக்கு அந்த அறையில் எந்தப் பயமும் இல்லை. அவர் பதில் சுத்தமாகப் பதிவாகிவிட்டது. பெரியம்மாவின் மருமகள் வேலை பார்க்கிற மில்லில் மேஸ்திரி எந்தத் தெருக்காரர் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பெல் ஹூக்ஸ் இதைக் கிட்டத்தட்டச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அடிமைகள் நிமிர்ந்து பார்த்ததற்கே தண்டிக்கப்பட்டார்கள், அதனால் கறுப்பினப் பெண்களுக்குப் பார்ப்பது என்பதே எதிர்ப்புச் செயல் என்று 1992-இல் எழுதினார். நம் பக்கத்திலும் அதற்கு நெருக்கமான கதை உண்டு. பி.கே.ரோசி, மலையாளத்தின் முதல் கதாநாயகி, தலித் பெண். ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். படம் ஓடிய திருவனந்தபுரத்தில் சாதி இந்துக்கள் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். அவருடைய வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் ஓடிவந்து ராஜம்மாளாக வாழ்ந்து இறந்தார். அந்தப் பார்வையாளர்கள் கதாபாத்திரத்தைப் பார்க்கவே இல்லை. நடித்தவரின் சாதியைத்தான் பார்த்தார்கள். பேராசிரியர் கா.சிவத்தம்பி, தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று சொல்லியிருக்கிறார். சாதிப்படி இல்லாமல் டிக்கெட் காசுப்படி இடம். அது பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்லவில்லை. இப்போது அந்தக் கூரையும் போய், ஆளுக்கொரு கைபேசி.

கைபேசியைக் குறை சொல்லத்தான் நானும் தயாராக இருந்தேன். கூட்டாகப் பார்ப்பது போய்விட்டதே என்று ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழிக்க வைத்தது ஊர்த்தெருப் பெண் ஒருத்தி. ஆதிக்க சாதி வீடு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையனின் தங்கை. அவனிடம் ‘ஓர் இரவு’ பற்றிக் கேட்டபோது, நண்பர்களுக்கு முன்னால், “அந்த அப்பனுக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு” என்றான். சிரித்தார்கள். அவன் பார்த்ததும் அதே படம்தான். இரண்டு நாள் கழித்து அந்தத் தங்கை என்னைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அக்கா, நான் போர்வைக்குள்ள வச்சு, காதுல மாட்டிக்கிட்டுப் பாத்தேன். அந்தம்மா கதறுது பாருங்க. எங்கம்மா கதறுமா, இல்ல சும்மா இருக்குமான்னு ராத்திரி பூராம் யோசிச்சேன்.”

பிறகு பஸ் வந்துவிட்டது. அவளுக்கு யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தோன்றியது. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது. என் கைபேசி எண்ணை மட்டும் கொடுத்தேன்.

அதே வீட்டில் அண்ணன் அந்த அப்பாவாக இருந்து பார்க்கிறான். தங்கை அந்த மகளாக இருந்து பார்க்கிறாள். ஆகவே இந்தச் சாதி இப்படிப் பார்க்கும், அந்தச் சாதி அப்படிப் பார்க்கும் என்று பட்டியல் போடவும் முடியாது. அதற்காக ‘அவரவர் பார்வை அவரவர்க்கு’ என்று விட்டுவிடவும் என்னால் ஆகாது. அண்ணனின் பார்வை தங்கையின் உயிர் சம்பந்தப்பட்டது. தங்கையின் பார்வையால் அண்ணனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இரண்டையும் ‘மாறுபட்ட வாசிப்புகள்’ என்று ஒரே தட்டில் வைக்கிற ஆய்வுக் கட்டுரைகளை நான் நிறையப் படித்துவிட்டேன். ஒன்றிரண்டு எழுதியும் இருக்கிறேன்.

சின்ன விஷயம் ஒன்று. நீரஜ் கெய்வானின் ‘கீலி புச்சி’, 2021-இல் வந்த இந்திக் குறும்படம். அதில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற தலித் பெண்ணுக்கு ஒரு பார்ப்பன வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வரும், மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. கல்லூரியில் அந்த டம்ளரைப் பற்றி நான்தான் விளக்க வேண்டியிருந்தது. திண்ணையில் இந்தி ஒரு வார்த்தை புரியாமல் பார்த்தார்கள். டம்ளர் வந்ததும் ஒரு அக்கா, “இங்கயுமா?” என்றது. மொழிபெயர்ப்பாளராகப் போன எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இங்கே திரையிடல் நடத்துகிற தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, மைக்கை நீட்டி, ‘அம்மா, உங்க கருத்தச் சொல்லுங்க’ என்கிறோம். சொல்லாதவர்களைப் பார்த்து, மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரவில்லை என்று நமக்குள் பேசிக்கொள்கிறோம். இன்றைக்கு இந்த இரண்டு மணி நேரத்தில் மைக் பிடித்தவர்களை எண்ணினேன். ஒன்பது பேர். எல்லோரும் முன்வரிசை, எல்லோரும் ஆண்கள். சுவரோரத்தில் இருந்து மூன்று பேர் கொலைக் காட்சிக்கு முன்பே எழுந்து போனார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் உலை வைத்திருக்கலாம். அடுத்த முறை விளக்கைப் போட ஐந்து நிமிடம் தாமதியுங்கள். மைக்கை மூட்டை கட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் உட்காருங்கள். பெண் தோழர்கள் போனால் நல்லது. கேள்வி கேட்க வேண்டாம். படம் ஓடும்போது யார் திரையைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதைக் காதில் வாங்குங்கள்.

அந்தப் பெரியம்மாவைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். மல்லிச்செடி பிடுங்கப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தது. படம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குத்தா” என்றது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்பன் கூப்புட்டும் போகாத புள்ள கதையில ஒரு படம் இருந்தா எடுத்துட்டு வா, பாப்போம்” என்றது.

தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கே கேமராவோடு வந்திருக்கிற தம்பி தங்கைகளில் யாராவது எடுத்தால், முதலில் போட்டுக் காட்ட ஒரு திண்ணை இருக்கிறது.